மேலே இருக்க வேண்டிய எந்திரம்

ஹெப்பகோடி,
23.5.2005, திங்கட்கிழமை.

என் அன்புக்கும், அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக என் பயத்துக்கும் உரிய மூத்த மைத்துனர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் புலவர் உத்தமன் அவர்களின் சமூகத்துக்குத் தங்கள் தங்கையின் கணவன் வைத்தீஸ்வரன் பணிவோடு எழுதிக்கொள்வது.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை என்று தாங்களே ஒருமுறை எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். அதில் முதல் சொல்லை இந்தத் தடவை எழுதக் கை வரவில்லை. இரண்டாவது பாதியை மட்டும் வைத்துக்கொள்ளவும். தாங்களும், அண்ணியாரும், சென்ற செவ்வாய்க்கிழமை ஒரு சூட்கேஸோடும் ஒரு கோலப்பொடி டப்பாவோடும் திருப்பத்தூர் வந்து தங்கள் வீட்டில் இறங்கிய என் மனைவி வேதநாயகியும் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிய மிகுந்த ஆவல். முக்கியமாக மூன்றாமவர்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சந்தாபுராவில் கட்டிய நம் வீட்டுக்கு அடுத்த மாதம் பத்தாம் தேதி வெள்ளிக்கிழமை காலையில் பால் காய்ச்ச நாள் குறித்தாயிற்று. சாஸ்திரிகள் நேற்று வந்து ஹோமத்துக்கு இடம் பார்த்துவிட்டு, "அம்மா எங்கே?" என்றார். ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன். "அவங்க இல்லாம நீங்க மட்டும் மனையில உட்கார முடியாது, ஞாபகம் இருக்கட்டும்" என்றார். மனையில் உட்கார மனைவி வேண்டும் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, ஒரு தமிழாசிரியரின் மாப்பிள்ளைக்கு இதைச் சாஸ்திரிகள் வந்து சொல்ல வேண்டியதில்லை. ஆகவே தங்கள் தங்கையைப் பத்தாம் தேதிக்குள் அனுப்பிவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். போனில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். அவளுடைய மொபைலில் என் நம்பரைப் பார்த்தால் அவள் எடுப்பதில்லை. தங்கள் வீட்டு போனுக்கு மூன்று முறை அடித்தேன். மூன்று முறையும் தாங்களே எடுத்து, தங்கள் குரலிலேயே, "தாங்கள் அழைத்தது தவறான எண்" என்று நல்ல தமிழில் சொல்லி வைத்துவிட்டீர்கள்.

வேதநாயகி அங்கே வந்து என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். ஒன்றுமே சொல்லியிருக்க மாட்டாள். அவள் வாயைத் திறந்து நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் இவ்வளவு பயப்பட மாட்டேன். எனவே நடந்ததை நானே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், தீர்ப்பு தங்களுடையது.

நான் ஃபேக்டரியில் முப்பத்து மூன்று வருஷம் இன்ஸ்பெக்ஷன் டிபார்ட்மென்ட்டில் இருந்தவன் என்பது தங்களுக்குத் தெரியும். லேத்தில் கடைந்து வரும் சாமானை வெர்னியர் வைத்து அளந்து, சரியாக இருந்தால் ஓகே, இல்லையென்றால் ரிஜெக்ட், இந்த இரண்டு முத்திரையைத் தவிர வேறு எதையும் கையில் எடுக்காதவன். ரிடையர் ஆன பிறகு முத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், வெர்னியர் என் சொந்த வெர்னியர், அது கூடவே வந்துவிட்டது. சந்தாபுராவில் முப்பதுக்கு நாற்பது சைட்டில் அஸ்திவாரம் போட்டதும், சும்மா இருக்கிற மனுஷன்தானே என்று தினமும் சைட்டுக்குப் போனேன். முதல் லோடு செங்கல் வந்து இறங்கியது. ஒவ்வொன்றாக அளந்து பார்த்ததில் நூறுக்கு நாற்பத்தாறு ரிஜெக்ட். மேஸ்திரி முனிராஜ் ஆனேக்கல் பக்கத்து ஆள், தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசுவான். அவன் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நேரே வேதநாயகியிடம் போய், "அம்மா, சார் சைட்டுக்கு வந்தா நான் வரல. நான் வரணும்னா சார் பேடா" என்றான். பேடா என்றால் கன்னடத்தில் வேண்டாம் என்று அர்த்தம். அவ்வளவுதான் மச்சான், அன்றையிலிருந்து அவள் குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிச் சந்தாபுராவுக்குப் போனாள், நான் ஹெப்பகோடி வாடகை வீட்டில் டி.வி.க்கு எதிரே உட்கார்ந்தேன். எல்லாவற்றுக்கும் மூலகாரணம் முனிராஜ் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவன் அன்றைக்கு அந்த வார்த்தை சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு அவசியம் இருந்திருக்காது.

டி.வி.யில் ஓர் இங்கிலீஷ் சேனல். அதில் தினமும் மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஒரு டாக்குமென்டரி. அந்தக் காலத்தில் வேற்றுக்கிரகத்திலிருந்து ஆட்கள் பூமிக்கு வந்து போனார்கள், பிரமிடு கட்டியது அவர்கள், பாலைவனத்தில் கோடு போட்டது அவர்கள், ஊர் ஊராகப் பெரிய பெரிய கல்லை நட்டுவிட்டுப் போனது அவர்கள். என்னோடு ஒரே பெஞ்சில் வேலை பார்த்த தியோடர் இதற்காகவே கண்டோன்மென்ட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குப் புரியாத இங்கிலீஷையெல்லாம் புரியாத தமிழில் சொல்வான். அதில் வருகிற தாடிக்காரர் எதையும் அடித்துச் சொல்வதில்லை. ஒரு கல்லைக் காட்டுவார். அதன் ஓரத்தைத் தடவுவார். பிறகு நம் கண்ணைப் பார்த்து, "இதை மனிதர்கள் செய்திருக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டு விளம்பரத்துக்குப் போய்விடுவார். விளம்பரம் முடிந்து வந்து வேறொரு கல்லைக் காட்டுவார். முப்பத்து மூன்று வருஷம் மனிதர்கள் கடைந்ததை அளந்து பார்த்தவன் நான். மனிதர்களால் எவ்வளவு முடியும் என்று என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வேன்? ஓகேவும் இல்லாமல் ரிஜெக்ட்டும் இல்லாமல், ‘இருக்கலாம்’ என்று ஒரு மூன்றாவது முத்திரை உண்டு என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மச்சான், அந்த முத்திரை கையில் இருந்தால் எதன் மேல் வேண்டுமானாலும் குத்தலாம், ஒரு சாமானும் திரும்பி வராது.

குத்தினேன். ஒருநாள் நம் கோயில் கோபுரத்தைக் காட்டி, இதை ஊர்க்காரர்கள் விமானம் என்று அழைக்கிறார்கள் என்று தாடிக்காரர் சொன்னதும் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. நேரே கோயிலுக்குப் போய், குருக்களை ஓரமாகக் கூப்பிட்டு, "விமானத்துக்கு எண்ணெய் எங்க ஊத்துவாங்க சாமி?" என்று மெல்லக் கேட்டேன். அவர் என் தோளில் தட்டிக்கொடுத்து, "விமானத்துக்கு எதுக்கு, சன்னிதி விளக்குலயே ஊத்துங்க, எல்லாம் ஒண்ணுதான்" என்றார். மறுநாள் அரை லிட்டர் நல்லெண்ணெய் வாங்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. அந்தச் சமயத்தில்தான் தங்களுக்குப் புதுவீட்டு அழைப்புப் பத்திரிகையின் மாதிரியை அனுப்பியிருந்தேன். அதில் கிரகப்பிரவேசம் என்று போட்டிருந்ததை வட்டமிட்டு, "கிருகம் என்பது வீடு. கிரகம் என்பது கோள். மாப்பிள்ளை எதனுள் புகப்போகிறார் என்று தெளிவுபடுத்தவும்" என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பினீர்கள். வேறு யாராக இருந்தாலும் வெட்கப்பட்டிருப்பார்கள். நான் அதைத் தியோடருக்குப் படித்துக் காட்டி, "பாத்தியா, வீட்டுக்கும் கோளுக்கும் நம்ம ஆளுங்க ஒரே வார்த்தை வச்சிருக்காங்க. இது தானா அமைஞ்சதா?" என்று கேட்டேன். அவன், "இருக்கலாம் மேன்" என்றான்.

இத்தனைக்கும் வேதநாயகி இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குத் தலையெல்லாம் சிமென்ட் தூளோடு வருவாள், சுவருக்குத் தண்ணீர் ஊற்றிய கதை, மணல் லாரி வராத கதை எல்லாம் சொல்வாள், நான் டி.வி.யைப் பார்த்துக்கொண்டே ம் கொட்டுவேன். ஒருநாள் ரசம் நன்றாக இருந்தது. "இதை மனிதர்கள் வைத்திருக்க முடியுமா?" என்று தாடிக்காரர் குரலில் கேட்டேன். பாராட்டாகத்தான் கேட்டேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையை அன்றைக்கு நான் அளந்து பார்த்திருக்க வேண்டும்.

இந்த மாதம் முதல் வாரத்தில் செப்டிக் டேங்குக்குக் குழி தோண்டும்போது நாலடி ஆழத்தில் ஒரு கல் கிடைத்தது. முனிராஜ் அதை ஓரமாக உருட்டிவிட்டான். அன்றைக்குச் சாப்பாட்டுக் கேரியர் கொடுக்கப் போன நான் பார்த்துவிட்டேன். வட்டமான கல், ஒன்றரை அடி குறுக்களவு, நடுவில் ஒரு துளை, விளிம்புக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொரு துளை, மேல்பக்கம் இலேசாக மேடு தட்டி, டி.வி.யில் காட்டும் பறக்கும் தட்டு அப்படியே. திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுக்க நெருக்கமாகப் புள்ளி புள்ளியாகக் கொத்தியிருக்கிறது. நட்சத்திர வரைபடம் என்று எனக்கு அந்த நிமிஷமே தோன்றிவிட்டது. வெர்னியர் போதவில்லை, டேப்பை வைத்து எட்டுத் திசையிலும் அளந்தேன், வட்டத்தில் பிசகே இல்லை. அந்நேரம் பக்கத்து வீட்டு வள்ளியம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வந்தவள் எட்டிப் பார்த்தாள். எழுபது வயது, தளி பக்கத்திலிருந்து வந்து அங்கேயே குடியிருக்கிறவள்.

"இது எந்திரமாச்சே சாமி" என்றாள்.

தமிழாசிரியரான தாங்கள் இந்த இடத்திலேயே சிரித்திருப்பீர்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"எந்திரமா? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாம என்னா? எங்க ஊட்லயும் இருந்திச்சி. இது மேல இருக்கிறது. கீழ இருக்கிறது ஒண்ணு வேணுமே, அது எங்க?"

"மேல இருக்கிறதா? நல்லாத் தெரியுமா?"

"மேல இருக்கிறதுதான் சாமி சுத்தும். கீழ இருக்கிறது அப்படியே கெடக்கும்."

"எத்தனை பேர் உட்காருவாங்க?"

"ரெண்டு பேரு. எதிரும் புதிருமா. இந்தச் சின்ன ஓட்டையில பிடி சொருவியிருக்கும், அதப் பிடிச்சிக்குவாங்க."

"சத்தம் வருமா?"

"வராம? கடகடன்னு தெருக்கோடி வரைக்கும் கேக்கும்."

"புகை?"

"பொகை ஏது, தூளுதான் பறக்கும். மூஞ்சி, தல எல்லாம் படிஞ்சிடும்."

இருவர் ஓட்டும் எந்திரம், மேலே இருக்க வேண்டியது, சுற்றும்போது சத்தமும் தூளும். தாடிக்காரருக்குக்கூட இப்படி ஒரு நேர்சாட்சி கிடைத்ததில்லை. ஒரே ஒரு கேள்வியை மட்டும் நான் கேட்கவில்லை. இன்ஸ்பெக்ஷன்காரன் சாமானின் அளவைத்தான் பார்ப்பான். அது எதற்குப் பயன்படுகிறது என்பது வேறு டிபார்ட்மென்ட்.

உடனே குழி வேலையை நிறுத்தச் சொன்னேன். வேதநாயகி, "செப்டிக் டேங்க் இல்லாம பால் காச்சி என்ன பண்றது?" என்று மட்டும் கேட்டாள். செங்கல் அடுக்கி மேடை கட்டி, என் கல்யாண வேட்டியை விரித்து, கல்லை அதன் மேல் வைத்தேன். வேட்டி விஷயம் தங்களுக்கு எப்படியும் தெரிந்துவிடும், அதனால் நானே எழுதிவிடுகிறேன். தியோடர் போய் நம் ஏரியா கேபிள்காரர் ரவிக்குமாரை அழைத்து வந்தான். ரவிக்குமார் லோக்கல் சேனல் ஒன்று நடத்துகிறார், கோயில் திருவிழா, மளிகைக் கடைத் திறப்பு எல்லாம் வரும். பதின்மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை காலையில் கேமராவோடு வந்தார். அன்றைக்குத்தான் தலைவாசல் கதவு மாட்டிய நாள். வேதநாயகி விடிகாலையிலேயே போய் வாசல் தெளித்து, ஒரு பெரிய புள்ளிக்கோலம் போட்டு வைத்திருந்தாள்.

கல்லைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினேன். பிறகு கோலத்தைப் பார்த்தேன். மச்சான், சத்தியமாகச் சொல்கிறேன், கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் அன்றைக்குத்தான் நான் அவள் கோலத்தைப் பார்த்தேன். தினமும் அதைத் தாண்டித்தான் ஃபேக்டரிக்குப் போயிருக்கிறேன், தாண்டும்போது கீழே பார்க்காமல் தாண்டியிருக்கிறேன். குனிந்து வெர்னியரை வைத்தேன். புள்ளிக்குப் புள்ளி இடைவெளியில் அரை மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. ஒரே இழை எங்கேயோ கிளம்பி எல்லாப் புள்ளியையும் சுற்றிவிட்டுக் கிளம்பின இடத்துக்கே வந்து சேர்ந்திருந்தது. அந்த நேரத்தில் சொல்ல வேண்டியது ஒரு சொல், ஓகே என்பது. நான் கேமராவைப் பார்த்து என்ன சொன்னேன் தெரியுமா? "இருபத்தொரு புள்ளி. ஸ்கேல் இல்லை, காம்பஸ் இல்லை. இவங்க என் மனைவி, ஏழாம் கிளாஸ் வரைக்கும்தான் படிச்சாங்க. இதை மனிதர்கள் போட்டிருக்க முடியுமா? இவங்களுக்கே தெரியாம மேல இருந்து யாரோ இவங்க கையைப் பிடிச்சிப் போட வைக்கிறாங்க. இருக்கலாம் இல்லையா?" இதைச் சொன்னபோது வேதநாயகி கதவு நிலைக்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் கை அப்படியே நின்றது, பிறகு மிச்சப் பொட்டையும் வைத்து முடித்தது.

அடுத்து ரவிக்குமார் மைக்கை வள்ளியம்மாவிடம் நீட்டி, "இது எந்திரம்தானா பாட்டி?" என்றார். "எந்திரந்தான்" என்றாள். நான் தியோடரின் கையைப் பிடித்து அழுத்தினேன். "இத வச்சி என்னா பண்ணுவாங்க?" என்று ரவிக்குமார் கேட்டார், கேட்கக் கூடாத அந்த ஒரே கேள்வியை. "என்னா பண்ணுவாங்க, ராகி அரைப்பாங்க" என்றாள். "இது மேக்கல்லு. கீக்கல்லு எங்க ஊட்டு மாட்டுக் கொட்டாயில கெடக்குது, இத்தன வருசமா இதோட ஜோடி எங்கன்னு நானும் தேடிக்கினு இருந்தேன்."

ராகி அரைக்கிற திரிகைக்கு அவர்கள் பக்கத்தில் எந்திரம் என்றுதான் பெயராம். இந்தப் பேட்டி சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் சேனலில் ஓடியது. ஜனங்கள் போன் போட்டுக் கேட்டார்களாம், அதனால் திங்கட்கிழமை இரண்டு தடவை. ஹெப்பகோடியில் என் பெயர் இப்போது ராகி சார். காய்கறிக் கடைக்காரன் கத்தரிக்காயைக் கையில் எடுத்து, "இது மேல இருந்து வந்ததா சார், கீழயா?" என்கிறான். வேதநாயகி வெளியில் தலைகாட்ட வெட்கப்பட்டுத்தான் ஒன்றும் பேசாமல் இருக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் சூட்கேஸை எடுத்து வாசலில் வைத்தாள். "ஊர் நாலு நாள் சிரிக்கும், அஞ்சாவது நாள் மறந்துடும், அதுக்குப் போய் இப்படியா?" என்று சமாதானம் சொன்னேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஊர் சிரிச்சா சிரிக்கட்டும், அது எனக்கு ஒண்ணுமில்ல. முப்பத்தோரு வருசமா அஞ்சு மணிக்கு எழுந்து குனிஞ்சு போட்டது நானு. ஒருநாள் நின்னு பாத்ததில்ல நீங்க. பாத்த அன்னிக்கு, வேற எவனோ போட்டான்னு சொல்லிட்டீங்க." செருப்பை மாட்டிக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள். "ஏழு மாசம் வெயில்ல நின்னு வீட்டைக் கட்டுனதும் அவங்கதான்னு சொல்லுவீங்க. பத்தாம் தேதி அவங்களையே எறங்கி வந்து பால் காச்சச் சொல்லுங்க."

கோபம் போகட்டும் என்று இரண்டு நாள் இருந்தேன். மூன்றாம் நாள் வாசல் வெறுமையாகக் கிடப்பது பொறுக்கவில்லை. இப்படி ஒரு வாசல் இருக்கிறது என்பதே அது வெறுமையான பிறகுதான் தெரிகிறது. அவள் கோலப்பொடியை எடுத்துப் போய்விட்டதால் சாக்பீஸ், நூல், டேப், வெர்னியர் சகிதமாகக் காலையில் உட்கார்ந்தேன். இருபத்தொரு புள்ளி வைக்கவே ஒரு மணி நேரம். இழை இழுக்க ஆரம்பித்தால் மூன்றாவது வளைவில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரியவில்லை. இடுப்பு விட்டுப்போயிற்று. பதினொரு மணிக்கு எதிர்வீட்டுக் காலேஜ் பெண் அனுஷா ஸ்கூட்டியை நிறுத்தி, "அங்கிள், இங்க ஆக்சிடென்ட் ஆச்சா? போலீஸ் வந்து மார்க் பண்ணிட்டுப் போனாங்களா?" என்றாள். என் சர்வீஸில் நான் எத்தனையோ பேருடைய வேலையை ரிஜெக்ட் செய்திருக்கிறேன். என் சொந்த வேலையை ரிஜெக்ட் செய்தது இதுதான் முதல் தடவை. தண்ணீர் ஊற்றி அழித்தேன்.

நேற்று சாஸ்திரிகள் போன பிறகு முனிராஜைக் கெஞ்சி, வீட்டை ஒரே ஒரு தடவை அளந்து பார்க்க அனுமதி வாங்கினேன். ஹாலில் மூலைக்கு மூலை டேப் பிடித்தேன். இரண்டு பக்கமும் சமம், ஒரு நூல் வித்தியாசம் இல்லை. மேஸ்திரி வேலையில் இப்படி வராது என்று முனிராஜிடம் சொன்னேன். அவன், "அம்மா டெய்லி கயிறு போட்டுப் பாப்பாங்க சார். ஒருநாள் அரை இன்ச் ஜாஸ்தி ஆச்சு, கட்டின செவுத்துல ரெண்டு வரி பிரிக்கச் சொல்லிட்டாங்க" என்றான். அவங்களுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன், பழக்க தோஷம். "நானும் கேட்டேன் சார். கோலம் போடறவளுக்குப் புள்ளி நேரா இருக்கான்னு தெரியாதாடா அப்படீன்னாங்க" என்றான். எனக்கு அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை, கண் கலங்கிவிட்டது. தலைவாசல் கதவுக்குப் பின்னால் சுவரில் பென்சிலால் ஓகே என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டேன். "சார், பெயின்ட் அடிக்கணும்" என்றான். அந்த இடத்தை விட்டுவிட்டு அடி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஆகவே மச்சான், மனிதர்களால் முடியுமா என்று யாராவது இனிமேல் என்னைக் கேட்டால், தெரியாது, வேதநாயகியால் முடியும் என்பேன். இதை அவளிடம் படித்துக் காட்டவும். கேபிள் இணைப்பை வெட்டச் சொல்லி ரவிக்குமாருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். வெர்னியரைத் தியோடரிடம் ஒப்படைத்துவிட்டேன். மேல்கல் வள்ளியம்மா வீட்டுக் கீழ்கல்லின் மேல் போய்ச் சேர்ந்துவிட்டது, பால் காய்ச்சும் நாளுக்கு ராகி அவளே அரைத்துத் தருகிறாளாம். வேட்டியைத் துவைத்துவிட்டேன். செப்டிக் டேங்க் முடிந்துவிட்டது. பத்திரிகையில் தாங்கள் கேட்டபடி தெளிவுபடுத்திப் புதுமனை புகுவிழா என்றே அடித்தாயிற்று, கிரகத்துக்கு அதில் இடமே இல்லை. வேற்றுக்கிரகம், பறக்கும் தட்டு, தாடிக்காரர், இருக்கலாம் என்ற அந்த மூன்றாவது முத்திரை, எல்லாவற்றையும் இன்றோடு தலைமுழுகினேன். என் ஆயுசில் இனி அந்தக் கேள்வி என் வாயில் வராது. இது தங்கள் பாதத்தைத் தொட்டுச் சொல்வதாக எடுத்துக்கொள்ளவும்.

அண்ணியாருக்கு என் நமஸ்காரம். தங்கள் வீட்டுத் தென்னைக்கும், பசுவுக்கும், தவறான எண் என்று சொல்லும் அந்தத் தொலைபேசிக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும். வேதநாயகிக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. வாசல் வெறுமையாக இருக்கிறது என்று மட்டும் சொல்லவும்.

இப்படிக்கு,
இன்னமும் தங்கள் மாப்பிள்ளை என்ற நம்பிக்கையில்,
வைத்தீஸ்வரன்.

பின்குறிப்பு: செவ்வாய்க்கிழமை, பகல் ஒரு மணி, சந்தாபுரா. இந்தக் கடிதத்தை இங்குள்ள தபாலாபீசில் போட எடுத்து வந்தேன். வழியில் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தால், சமையல் மேடைக் கல்லில் சிங்க்குக்கு வலப்பக்கம் வெட்டுவதா இடப்பக்கம் வெட்டுவதா என்று முனிராஜ் குழம்பிக்கொண்டிருந்தான். என்னைக் கேட்கவில்லை. சரியாகப் பத்தரை மணிக்கு, என் கண்ணெதிரே, வேதநாயகியின் மொபைலுக்குப் போன் போட்டான். "நான் வர்றேன். அதுவரைக்கும் கல்லுல கைய வைக்காத" என்று அவள் சொன்னது எனக்கே கேட்டது. பதினொன்றரை மணிக்குச் சூட்கேஸும் கோலப்பொடி டப்பாவுமாக ஆட்டோவிலிருந்து இறங்கினாள். முதலில் சிங்க்கைப் பார்த்தாள், இடப்பக்கம் என்றாள். அப்புறம் கதவுக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றாள். நான் இந்தக் கடிதத்தைக் கொடுத்தேன். முழுக்கப் படித்துவிட்டு, "இருபத்தொண்ணு இல்ல, பத்தொம்போது புள்ளி. அதக்கூட சரியா எண்ணத் தெரியல, இவரு இன்ஸ்பெக்டர்" என்றாள். இப்போது வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறாள். ஆகவே தாங்கள் அவளை அனுப்பிவைக்க வேண்டியதில்லை.

இருந்தும் இதைத் தபாலில் சேர்க்கிறேன், ஒரு சந்தேகத்துக்காக. திருப்பத்தூரில் பஸ் ஏறி, கிருஷ்ணகிரியில் மாறி, ஓசூரில் மாறி, சந்தாபுரா வந்து இறங்க மூன்றரை மணி நேரம் ஆகும். நான் பலமுறை வாட்ச் வைத்துப் பார்த்திருக்கிறேன். பத்தரைக்குப் போன், பதினொன்றரைக்கு ஆள். மேஸ்திரி கூப்பிட்டான் என்றுதான் வந்தேன், வேறு ஒன்றுமில்லை என்கிறாள். ஒரு மணி நேரத்தில் மனிதர்கள் அவ்வளவு தூரம் வந்திருக்க முடியுமா? நான் வாயைத் திறந்து கேட்கவில்லை, சத்தியத்தை மீறவில்லை, எழுதத்தான் செய்கிறேன். எனக்குத் தெரிந்து இரண்டே வழிதான் இருக்கிறது. ஒன்று, மேலே இருந்து யாரோ கொண்டுவந்து இறக்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் முனிராஜ் போன் போடுவதற்கு முன்பே, யாரும் கூப்பிடாமல், அவளாகவே விடிகாலையில் கிளம்பி இங்கே வந்துகொண்டிருந்திருக்க வேண்டும். இரண்டாவதை என்னால் நம்பவே முடியவில்லை. அவள் தங்கள் வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினாள் என்று மறுதபாலில் எழுதவும்.